ஒயர் இல்லாத பெட்டி

சாஃப்ட்வேரைத் திறந்தால் கறுப்புத் திரை. நடுவில் ஒன்றுமே இல்லை. ஓரத்தில் மட்டும் பொடிப்பொடியாக முப்பது நாற்பது படங்கள். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அக்கா தைரியமாக ஒன்றைத் தொட்டாள். சுட்டி போன இடமெல்லாம் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. விடுவிக்க இன்னொன்றைத் தொட்டாள். கோடு நீலமாகி அதே மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன இன்ஜினியரம்மா, போர்டு ரெடியா?" என்று உள்ளறைக் கட்டிலிலிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

"வாயை மூடிட்டுப் படுடா. இப்பதான் கடையே திறந்திருக்கேன்."

"சீக்கிரம் திற. வாடிக்கையாளர் படுத்த படுக்கையா காத்துக்கிட்டு இருக்கார்."

அவனுக்கு வாய் மட்டும் குறைவில்லை. இடுப்புக்குக் கீழே சின்ன வயதிலிருந்தே உணர்ச்சி கிடையாது. அதற்கும் சேர்த்து நாக்கு வேலை செய்தது. அவனை அக்காதான் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு சர்வீஸ் கடையில் வேலை. இன்வெர்ட்டர், சார்ஜர், தையல் மிஷின் மோட்டார் என்று எது பழுதாகி வந்தாலும் பிரித்து, புகைந்துபோனதைக் கழற்றிப் புதிதை வைத்து, ஈயம் பற்றவைத்துக் கொடுப்பாள். வருஷக்கணக்காக அதே மேசை, அதே புகை. அவளைவிட இருபது வயது மூத்த முதலாளியும் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

இப்படிப்பட்டவளுக்கு எதற்கு இந்த வயதில் புதுப் படிப்பு? எல்லாம் தம்பியின் சக்கர நாற்காலியால் வந்த வினை.

மோட்டார் வைத்த நாற்காலி அது. கைப்பிடியில் சின்னப் பெட்டி, அதன் மேல் ஒரு குச்சி. குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கத்துச் சுவிட்ச் அழுந்தும், வண்டி அந்தப் பக்கம் போகும். வண்டி செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பெட்டி செத்தபோது அக்காவே வேறு குச்சி வாங்கி, உள்ளே ஒயர் ஒயராக இழுத்துக் கட்டிக் கொடுத்தாள். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் காலையில், மருந்துக்கடைச் சாய்தளத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, குலுக்கலில் ஓர் ஒயர் கழன்று பக்கத்து முனையைத் தொட்டுவிட்டது. தம்பி நேராகத்தான் குச்சியைப் பிடித்திருந்தான். வண்டி தானாகப் பக்கவாட்டில் திரும்பி விளிம்பைத் தாண்டியது. வண்டியோடு சேர்ந்து விழுந்ததில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. அவன்தான் அதற்குப் பிறகு வெளியே போகவில்லை. எட்டு மாதம் வாசல்படியைத் தாண்டவில்லை.

"ஒயர் உள்ள பெட்டியில இனிமே கை வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றான். வேடிக்கை பேசுகிறவன் வேடிக்கை இல்லாமல் சொன்னான்.

அப்புறம்தான் அந்த வேலை வந்தது. இரண்டு தெரு தள்ளிப் பேருந்து நிலையம். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் அறிவிக்க ஆள் கேட்டார்கள். தொலைபேசியில் தம்பியின் குரலைக் கேட்ட மேலாளர் உடனே சரி என்றார். "ஆனா தம்பி, வர்றது போறது உங்க பொறுப்பு. அறிவிப்பு அறையில ஒரு ஆள்தான் உட்கார முடியும். கூட ஆள் வெச்சுக்கிட்டு வர்றதுன்னா சரிப்படாது" என்றும் சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். தம்பி போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள், "ஒயரே இல்லாம செஞ்சு தர்றேன்டா. அச்சடிச்ச போர்டு. தாமிரம் பலகையோட பலகையா ஒட்டியிருக்கும். கழலுறதுக்கு அதுல ஒண்ணுமே இருக்காது."

சொல்லிவிட்டாள். அச்சடித்த போர்டுகளை ஆயிரக்கணக்கில் பழுது பார்த்திருக்கிறாளே தவிர, ஒன்றையாவது அவள் வரைந்தது கிடையாது.

கடையில் பக்கத்து மேசையில் வேலை பார்த்த, மூக்குக்கண்ணாடி போட்டவர்தான் போர்டு வரைய இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கடையில் யாரும் சீந்தாத பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி முதலாளியும் பெரிய மனது பண்ணினார். வேலை முடிந்து வந்து, சமைத்து வைத்துவிட்டு, அக்கா அதன் முன்னால் உட்கார்ந்தாள். முதல் வாரம் அழுகைதான் வந்தது. முதலில் எந்தப் பொருளின் கம்பிக்கால் எதன் காலோடு சேர வேண்டும் என்று படம் போட வேண்டுமாம். பிறகு அதைப் போர்டுப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால் எல்லாப் பொருள்களும் ஒரே மூலையில் குவியலாக வந்து விழுந்தன; அவற்றுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி பின்னிக் கிடந்தன. வீடியோவில் சொல்லிக் கொடுக்கிறவனோ, எட்டு கிளிக்கில் சிக்கெடுத்துவிட்டு, 'பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்' என்பது போலச் சிரித்தான். அந்த முகரையில் ஒன்று வைத்தால் என்ன என்று இவளுக்கு வந்தது.

இரண்டாம் வாரம் கை வசப்பட்டது. ஒரு பொருளை நகர்த்தினால் வெள்ளைக் கோடுகளும் கூடவே நீண்டு வருவது அவளுக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கோட்டையும் தாமிரமாக மாற்ற மாற்ற வெள்ளை மறைந்தது. பிழை பார்க்கும் பொத்தானை முதல்முறை அமுக்கியபோது நாற்பத்தொரு பிழை என்றது. சாப்பாட்டை மறந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். கடைசியில் ஒருநாள் பிழை இல்லை என்று வந்தது.

"டேய்! பிழை இல்லையாம்டா!" என்று கத்தினாள்.

"அப்ப தெருவுக்கெல்லாம் சொல்லி அனுப்பு" என்றான் தம்பி. ஆனால் அவன் குரலும் சிரித்தது.

ஒன்றே ஒன்றுதான் சாஃப்ட்வேரில் கிடைக்காமல் இருந்தது. அந்தக் குச்சி. மற்ற பொருள்களுக்கெல்லாம் கால் எங்கே இறங்கும் என்ற அச்சு ஏற்கெனவே உள்ளே இருந்தது. குச்சிக்கு மட்டும் அவளே வரைய வேண்டியதாயிற்று. கடையில் எதையும் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே குச்சியைக் கவிழ்த்துக் கால்களை மேலே வைத்து, அளவுகோலால் அளந்து, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தாள். காகிதத்தில் அச்சடித்து அதன் மேல் குச்சியை வைத்தும் பார்த்தாள். கால்கள் எல்லாப் புள்ளிகளிலும் கச்சிதமாக உட்கார்ந்தன. கண்ணாடிக்காரரும் பார்த்துவிட்டு, "பிரமாதம், அனுப்பிடுங்க" என்றார். போர்டு அச்சடித்துத் தரும் கம்பெனிக்குக் கோப்பை அனுப்பினாள்.

போர்டுகள் வியாழக்கிழமை வந்தன. பளபளவென்று பச்சையாக, ஐந்து. ஓரத்தில் அவள் விளையாட்டாக எழுதிய 'தம்பி வண்டி' என்ற எழுத்துகூட வெள்ளையில் அச்சாகி வந்திருந்தது. தூக்கி வைத்துக் கொஞ்சாத குறை. கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பொருள்களை வைத்துப் பற்றவைத்து, பெட்டியில் பொருத்தினாள். சக்கரம் தரையில் படாமல் வண்டியைச் செங்கல்மேல் தூக்கி நிறுத்திக் கூடத்தில் சோதித்தாள். தம்பி உள்ளறையில் இருந்தான்.

முன்னால் சாய்த்தாள். இரண்டு சக்கரமும் முன்னால் சுற்றின. பின்னால் சாய்த்தாள். பின்னால் சுற்றின. வலப்பக்கம் சாய்த்தாள்.

வலது சக்கரம் சுற்றியது.

வண்டி வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது சக்கரமல்லவா சுற்ற வேண்டும்! இன்னொரு தரம் சாய்த்தாள். அதேதான். இடப்பக்கம் சாய்த்தால் இடது சக்கரம். கொஞ்ச நேரத்துக்கு ஏன் என்றே புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். பழுது பார்க்கிறவர்கள் போர்டைக் கவிழ்த்துப்போட்டு, கால் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார்கள். அவள் கண்ணுக்கு அதுதான் பழக்கம். சாஃப்ட்வேரோ மேலே நின்று பார்க்கிறது. கீழிருந்து பார்த்ததை மேலே வரைந்தால் வலது இடதாகத்தானே போகும்! குச்சியின் கால்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அதனால் காகிதத்திலும் உட்கார்ந்தன, போர்டிலும் உட்கார்ந்தன. கொஞ்சம் கோணலாக இருந்திருந்தால் மாட்டாமல் நின்று காட்டிக்கொடுத்திருக்கும். பிழை இல்லை என்ற சாஃப்ட்வேரைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் வரைந்த அச்சை நம்பித்தான் அது சொன்னது.

திருத்தி அனுப்பினால் புதிது வர மூன்று வாரமாகும். திங்கட்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளை இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் வார்த்து மூடியிருந்தார்கள். அதை வெட்டி மாற்றி ஒட்டினால் அதுவும் ஒயர் ஒட்டுதான். சுலபமான வழி ஒன்று இருந்தது. கடையில் தினமும் செய்கிற வேலை. இரண்டு தாமிரக் கோட்டைச் சுரண்டி வெட்டிவிட்டு, இரண்டு துண்டு ஒயரைக் குறுக்காகப் பற்றவைத்தால் தீர்ந்தது. பத்து நிமிஷம்.

"என்னக்கா சத்தத்தையே காணோம்? ஓடுதா?" என்றான் தம்பி உள்ளிருந்து.

"ஓடுதுடா. திருகு மட்டும் முடுக்கணும்."

ஒயரை வைத்தாள். ஒன்றுக்கு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அசையாமல் இருக்கப் பசையும் வைத்தாள். பெட்டியை மூடி நாலு திருகையும் முடுக்கினாள். தம்பியைத் தூக்கி உட்காரவைத்தபோது அவன் குச்சியைத் தொடவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒயர் ஒண்ணும் இல்லையே?"

"இல்லடா" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை முழுக்க அவன் வீட்டைச் சுற்றி வந்தான். கூடத்தில் திரும்பினான், சமையலறை வாசலில் நின்று வந்தான், பின்வாசல் சாய்தளத்தில் இறங்கி ஏறினான். ஏறும்போது முகம் வெளுத்தது, ஏறி முடித்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரி, "பயணிகளின் கனிவான கவனத்துக்கு! சமையலறைக்குச் செல்லும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்!" என்றான். எட்டு மாதம் கழித்து வண்டியிலிருந்து அவன் குரலைக் கேட்டதில் அக்காவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் ஒவ்வொரு தரம் சாய்தளத்தில் ஏறும்போதும், இவள் இருந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு ஒயரைத்தான் நினைத்தாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான். "உள்ள ஒயர் இல்லைன்னு நெனச்சாலே கை நடுங்க மாட்டேங்குதுக்கா. நிஜமாத்தான் சொல்றேன். அது ஒண்ணுதான் தைரியம்."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "இருக்குடா" என்றாள்.

"என்ன இருக்கு?"

"ஒயர். ரெண்டு. நான் வரைஞ்சது தப்பாப் போச்சு, வலது இடதா மாறி வந்துச்சு. திங்கட்கிழமைக்குள்ள வேற வழி தெரியல. அதான்..."

தம்பி கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்பார்கள். அவன் கத்தவில்லை.

"எப்ப வெச்ச?"

"வியாழக்கிழமை."

"நான் கேட்டப்ப உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். "ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு வா. என் கண்ணு முன்னாடி திற" என்றான். அவள் திறந்தாள். போர்டுக்கு மேல் சிவப்பாக ஒன்றும் கறுப்பாக ஒன்றும் குறுக்கே கிடந்தன. அவன் விரலால் தொடாமல் கிட்டே குனிந்து பார்த்தான்.

"இதை எடுத்தா?"

"வலது பக்கம் தள்ளினா வண்டி இடது பக்கம் போகும்."

"அவ்வளவுதானே? எதுவும் கழலாதுல்ல?"

"கழலாது. ஆனா..."

"அப்ப எடு."

"உனக்கென்ன பைத்தியமாடா? ரோட்டுல திடீர்னு ஏதாவது வந்தா கை பழைய பக்கம்தான் போகும்! மேலாளர்கிட்ட நான் பேசறேன். மூணே வாரம், புதுசு வந்துடும். இல்லைன்னா நானே தள்ளிட்டு வந்து விடறேன்."

"நீ பேசினா அவர் வேற ஆளைப் பார்த்துக்குவார். தப்பாத் திரும்பும்னு தெரிஞ்சா நான் சமாளிச்சுக்குவேன். எப்பக் கழலும்னு தெரியாததுமேல என்னால உட்கார முடியாது. எடுக்கறியா, இல்ல நான் பிடுங்கட்டுமா?"

அக்கா ஒயர்களை எடுத்தாள். சுரண்டிய கோடுகளை மறுபடி ஈயத்தால் மூடினாள். அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மூடியதும் வண்டியைக் கிளப்பி, சமையலறைப் பக்கம் திரும்ப நினைத்துச் சுவரில் போய் இடித்தான்.

அன்று மாலையும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இடித்துக்கொண்டேதான் இருந்தான். அலமாரிக் கதவு பெயர்ந்தது. நிலைப்படியில் உரசி விரல் முட்டியில் தோல் கிழிந்தது. மருந்து வைக்கப் போனவளை, "இருக்கட்டும்" என்று சொல்லித் தானே துடைத்துக்கொண்டான். "வலது வேணும்னா இடது, இடது வேணும்னா வலது" என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே சுற்றினான். மைக் குரலும் இல்லை, 'இன்ஜினியரம்மா' கிண்டலும் இல்லை. அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த அச்சைத் திருப்பிப் போட்டு, மறுபடி கோப்பை அனுப்பினாள். இந்த முறை எத்தனை தரம் சரிபார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அக்காவும் செருப்பை மாட்டினாள்.

"நீ வராத" என்றான்.

"தெருமுனை வரைக்கும்டா."

"வேண்டாங்கறேன்ல."

அவள் வாசலிலேயே நின்றாள். தெரு நேராக இருந்தவரை வண்டி நேராகப் போனது. முனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவன் கை இடப்பக்கம் சாய்வது இங்கிருந்தே தெரிந்தது. சரியாகத் திரும்புகிற நேரத்தில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வேகமாக வந்தது. ஒதுங்க நினைத்தவன் கை பழைய பழக்கத்துக்கு ஓடிவிட்டது. வண்டி ஸ்கூட்டருக்கு நேராகவே திரும்பியது. அக்கா 'ஐயோ' என்று அலறியது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டர்க்காரன் எப்படியோ ஒடித்துத் திட்டிக்கொண்டே போய்விட்டான். தம்பியின் வண்டி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது.

ஓட நினைத்தாள். ஓடிப்போய்ப் பிடித்தால் அதோடு அவன் வெளியே வருவதை விட்டுவிடுவான் என்றும், போகாமல் நின்றால் தான் ஒரு மனுஷியே இல்லை என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவன் வண்டியைப் பின்னால் எடுத்தான், கையை இடப்பக்கம் சாய்த்தான், வலப்பக்கம் திரும்பிப் போனான். வீட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் வந்தான். மறுநாளும் போனான், வந்தான். கையில் புதிது புதிதாகச் சிராய்ப்பு இருக்கும். எங்கே என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்பான். அப்படிப் பட்டும்படாமல் அவன் பேசிப் பழக்கமே கிடையாது. திட்டுடா, என்னை நாலு வார்த்தை திட்டிவிடு என்று அவளுக்கு வாய்வரை வரும். கடைக்குப் போகிற வழியில் பேருந்து நிலையத்து வேலியோரம் நிற்பாள். ஒலிபெருக்கியில் அவன் குரல் கணீரென்று வண்டிகளைச் சொல்லும். கேட்டுவிட்டு நடப்பாள்.

மூன்று வாரம் கழித்துப் புதுப் போர்டுகள் வந்தன. ஒன்றில் எல்லாவற்றையும் பற்றவைத்து, கடையிலேயே வேறொரு மோட்டாரில் மாட்டி, கண்ணாடிக்காரரையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்தாள். மறுநாள் காலையில் அவன் கிளம்பத் தயாராக இருந்தபோது, போர்டை ஒரு கையிலும் ஸ்க்ரூடிரைவரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"வந்துடுச்சுடா. சரியா இருக்கு. வலது வலதுதான், இடது இடதுதான். ஒயர் ஒண்ணும் கிடையாது, நீயே பாரு."

அவன் வாங்கிப் பார்த்தான். முன்பக்கம் பார்த்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "நல்லா வந்திருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். பிறகு கையை நீட்டினான். "ஸ்க்ரூடிரைவரைக் கொடு."

தானே திறக்கப் போகிறான் என்று நினைத்து அவள் ஆசையாகக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் இருந்த ஒரே ஸ்க்ரூடிரைவர் அது.

"நேரமாச்சு" என்றான்.

"அப்ப சாயங்காலம் மாட்டிடலாமா?"

"கை பழகிடுச்சுக்கா. இருக்கட்டும்."

குச்சியை இடப்பக்கம் சாய்த்து, வலப்பக்கம் திரும்பி, வாசலில் இறங்கிப் போனான். கடையில் அவள் மேசையில் அதே அளவில் ஏழெட்டு ஸ்க்ரூடிரைவர் கிடக்கின்றன. அவள் ஒன்றையும் வீட்டுக்கு எடுத்து வரவில்லை.